சாதாரண ஆள் ஒருவர் தேவை

அந்தப் பல்கலைக்கழகத்தில் மனிதர்களைக் கேள்வி கேட்கிற, ஊசி குத்துகிற, ஒளிந்திருந்து பார்க்கிற எந்த ஆராய்ச்சியானாலும் சரி, ஐந்து பேர் கொண்ட ஒரு குழு சம்மதித்தால்தான் நடக்கும். அதில் நான்கு பேர் பேராசிரியர்கள். ஐந்தாவது நாற்காலிக்குப் பட்டம் எதுவும் வேண்டாம். சொல்லப்போனால் இருக்கவே கூடாது. ஆராய்ச்சிக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற ஒரு சாதாரண ஆள்தான் அதில் உட்கார வேண்டும் என்பது விதி. மாட்டிக்கொள்ளப் போகிறவர்கள் சாதாரண ஜனங்கள்தானே, அவர்கள் பக்கத்திலிருந்து கேட்க ஒருவராவது வேண்டாமா?

ஏழு வருஷமாக அந்த நாற்காலி பிரேக்கம்மாவுடையது. பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச் சாரியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கற்றுக்கொடுக்கிற காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்க அவள் யோசித்ததே இல்லை. மிதித்துவிட்டு, "எங்கே பராக்குப் பாத்துக்கிட்டு ஓட்டுறே?" என்று ஒரு சத்தமும் போடுவாள். அதனால்தான் அந்தப் பெயர்.

குழுவின் தலைவரே அவளிடம் வண்டி பழகினவர்தான். தத்துவப் பேராசிரியர். நாற்சந்தியில் நான்கு பக்கமும் வண்டி வந்தால், முதலில் போக யாருக்கு நியாயம் அதிகம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிடும். மூன்று முறை தேர்வில் தோற்றார். நாலாவது முறைக்கு முன்னால் பிரேக்கம்மா, "சார், நியாயம் வீட்ல போய் யோசிங்க. இங்கே பின்னால நிக்கிறவன் முகத்தைப் பாருங்க, போதும்" என்றாள். மனிதர் பாஸாகிவிட்டார். அடுத்த மாதமே, "எங்க குழுவுக்கு இந்த மாதிரி ஒரு ஆள்தான் வேணும்" என்று அவள் ஸ்கூலுக்கே வந்து நின்றார்.

முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை படித்தவர்கள் நடுவில் வாயைத் திறக்கவே கூசியது. ஆனால் இரண்டாம் கூட்டத்திலேயே ஒட்டிக்கொண்டது. அடேயப்பா, இந்த உலகத்தில் யார் யார் என்னென்ன கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்! லிஃப்டில் ஏறினவர்கள் ஏன் பேச்சை நிறுத்திவிட்டு எண்ணையே பார்க்கிறார்கள் என்று ஒருத்தி. கான்கிரீட் போடுகிறவன் உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேர்வை போகிறது என்று ஒருத்தன். இரண்டு பேர் ஒரே குடையில் போனால் யார் பிடிக்கிறார்கள், ஏன் என்று பார்க்கச் சமூகவியல் துறையிலிருந்து ஒரு பையன் மழைக்காலம் பூராவும் பஸ் நிறுத்தத்தில் நிற்க அனுமதி கேட்டான். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிறவர்கள் எத்தனையாவது மணியில் தவறு விட ஆரம்பிக்கிறார்கள் என்று இன்னொருவர். தாய்மார்கள் சொந்தமாகக் கட்டிப் பாடுகிற தாலாட்டைச் சேர்க்க ஒருத்தி, இடது கைக்காரர்கள் கத்தரிக்கோலோடு படுகிற பாட்டை அளக்க ஒருத்தி.

"எல்லாத்துக்கும் ஒருத்தர் உக்காந்து கவலைப்படுறாங்கண்ணா! நாம பாட்டுக்குக் குடையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடறோம்" என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். பிள்ளைகள் தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காட்டுகிற மாதிரி அவர்கள் தங்கள் காகிதங்களைக் காட்டுவது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்காக விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். "இந்தத் தாளை நாலு தரம் படிச்சேன். எனக்கே புரியலைன்னா எங்க தெருவுல யாருக்குப் புரியும்? மாத்தி எழுதுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

கூட இருந்த மற்ற மூவரில் ஒருவர் தவளைச் சார். தவளைகள் கத்துவதைக் கேட்டே எத்தனை இருக்கின்றன என்று சொல்லிவிடுவார். எந்த விஷயம் வந்தாலும் தவளையில் கொண்டுபோய் முடிப்பார். வரலாறு மேடம் எதற்கும், "இதே மாதிரி எண்பது வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு நடந்திருக்கு" என்று ஆரம்பிப்பார். மூன்றாமவர் கணக்குச் சார். புள்ளிவிவரத் துறை. கஞ்சி போட்ட சட்டை, சின்னக் கையெழுத்து. பேச்சையும் எண்ணித்தான் செலவு பண்ணுவார். இத்தனை பேரைக் கேட்டால் போதும், அதற்கு மேல் ஒருவரைக் கேட்டாலும் தப்பு என்பது அவர் கட்சி. வீடு, குடும்பம் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பிரேக்கம்மாவின் அண்ணிக்கு இரண்டு வருஷமாக மறதி நோய். அடுப்பை ஏற்றிவிட்டு அப்படியே நிற்பாள். பேர் தப்பும், கிழமை தப்பும். அண்ணன் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். தாங்கித் தாங்கியே அவள் பேச்சையும் தானே எடுத்துக்கொண்டுவிட்டார். "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "சாப்பிட்டா, சாப்பிட்டா" என்பார் அண்ணன். "உடம்பு எப்படி இருக்கு அண்ணி?" "நல்லாத்தான் இருக்கா, ராத்திரி தூங்கினா." அவள் வார்த்தையைத் தேடித் தடுமாறுவதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. அதனால் முந்திக்கொள்வார். அண்ணியும் திறந்த வாயை மூடிக்கொண்டு சிரித்துவிடுவாள்.

போன வருஷம் மொழியியல் துறையிலிருந்து ஒரு பெண், மறதி வந்தவர்கள் தங்கள் பழங்கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஆராயக் குழுவிடம் அனுமதி வாங்கினாள். அவள் முறை எளிது. ஒரு கேள்வி கேட்பாள். நாற்பது நொடி வாயே திறக்காமல் காத்திருப்பாள். எடுத்துக்கொடுக்கக் கூடாது, உச்சுக்கொட்டக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து அண்ணன் தானாகவே போய் அண்ணியின் பெயரைக் கொடுத்துவிட்டார். பிரேக்கம்மாவுக்கு அதற்கப்புறம்தான் தெரியும்.

புதன்கிழமைதோறும் பத்து மணிக்கு ஒரு மணி நேரம். அண்ணனை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். மூன்றாவது புதனன்று திரும்பி வரும்போது காரில் அண்ணி தானாகவே பேசினாள். சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்துகொண்ட கதை. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த அண்ணனுக்கே தெரியாத கதை! அண்ணன் அன்றைக்கு அழுதுவிட்டார். அதன்பிறகு கிழமை மறந்துபோகிற அண்ணிக்குப் புதன் மட்டும் மறக்கவில்லை. காலை ஒன்பதுக்கே தலை வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த ஒரு வருஷம் முடிகிறது. மொழியியல் பெண் அதே ஆட்களோடு இன்னொரு வருஷம் நீட்டிக்கக் கேட்டிருந்தாள். கூட்டத்துக்கு வந்த காகிதக் கட்டில் அந்த விண்ணப்பம் இருந்தது. அதன் மேல் கணக்குச் சாரின் சின்னக் கையெழுத்தில் ஒரு சீட்டு: "முப்பத்திரண்டு பேர். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீட்டிக்கத் தேவையில்லை."

அதைப் படித்ததும் பிரேக்கம்மா நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"நீ அங்கேதானே இருக்கே? ஒரு வார்த்தை சொல்லேம்மா. உன் பேச்சை அவங்க தட்டமாட்டாங்க" என்றார் அண்ணன். கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். கேட்கும்போது மேஜை விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவர் சொன்னது நிஜம்தான். அவள் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள். அண்ணி இன்னார் என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினால் முடிந்தது காரியம். கூட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் அப்படித்தான் செய்யப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனாள். ஆனால் ஏழு வருஷமாக, "இதுல உங்களுக்கு வேண்டப்பட்டவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று வருகிறவர்களை எல்லாம் குடைந்து எடுத்தவளே அவள்தான். மூன்றாவது விஷயமாக அந்த விண்ணப்பத்தை எடுத்ததும், யாரும் கேட்காமலே கையை உயர்த்திவிட்டாள்.

"சார், இதுல எங்க அண்ணி இருக்காங்க."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "சம்பந்தப்பட்டவர் அந்த விவாதம் முடியும்வரை அறையில் இருக்கக் கூடாது" என்று படித்தார். பிரேக்கம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருங்க இருங்க" என்றார் வரலாறு மேடம். "அடுத்த பக்கத்தைப் பாருங்க சார். பொது ஆள் இல்லாம எடுக்கிற முடிவு செல்லாது."

இருந்தால் தப்பு, போனாலும் தப்பு. பேராசிரியர்கள் முகத்தில் என்ன ஒரு வெளிச்சம்! அண்ணியின் புதன்கிழமை அந்தரத்தில் தொங்குகிறது, இவர்களுக்குப் புதுப் பொம்மை கிடைத்துவிட்டது. உள்ளே இருப்பது என்றால் என்ன, உடம்பா மனசா என்று ஆரம்பித்தார் தலைவர். இதே மாதிரி சிக்கலில் பழைய நிர்வாகம் ஒன்று கதவைத் திறந்து வைத்து, சம்பந்தப்பட்டவரை வாசற்படியிலேயே நிறுத்தியிருக்கிறது என்றார் வரலாறு மேடம். தவளைச் சார், பெண் தவளை பக்கத்தில் இருக்கிறதென்று தெரிந்தாலே ஆண் தவளையின் குரல் மாறிவிடும், அதனால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலும் பயனில்லை என்றார். கணக்குச் சார் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேற ஒரு சாதாரண ஆளைக் கூப்பிட்டா முடிஞ்சுது" என்றார்.

குழுவின் எழுத்தர் வெளியே ஓடினார். முதலில் லிஃப்ட் இயக்குகிறவரைக் கூட்டி வந்தார். அவர் உட்காரும்போதே, "நான் அஞ்சல்வழியில உளவியல் முதுகலை ரெண்டாம் வருஷம். பரவாயில்லையா?" என்றார். பரவாயிருந்தது. திருப்பி அனுப்பினார்கள். அடுத்து தோட்டக்காரர். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தாவரவியல் கட்டுரை. "என் பேரு மூணாவதா வந்திருக்கு பாருங்க. அந்தக் கொடி எப்போ பூக்கும்னு நான்தான் சொன்னேன்." அவரையும் வாழ்த்தி அனுப்பினார்கள். அந்த வளாகம் முழுக்கத் தேடினாலும் சும்மா இருக்கிற மனிதர் ஒருவர் அகப்படமாட்டார் போலிருந்தது. தலைவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் பார்சல் கொண்டுவந்த ஒருவர் சிக்கினார். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கே கையெழுத்து?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "நீங்க ஏதாவது ஆராய்ச்சி பண்றீங்களா?" என்று தலைவர் பயத்தோடு கேட்டார். "நானா? இந்தக் கட்டிடத்துல ஏழாம் நம்பர் ரூம் எங்கேன்னுதான் ஒரு வருஷமா ஆராய்ச்சி பண்றேன்" என்றார் அவர். நால்வருக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

பிரேக்கம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது. தன்னுடைய நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது கூட உறைக்கவில்லை. கைப்பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிற அண்ணிதான் கண்ணுக்குள் நின்றாள். தன்னோடு வண்டியில் உட்கார்ந்த எத்தனையோ பேருக்காகப் பட்டென்று பிரேக்கை மிதித்திருக்கிறாள். இப்போது காலுக்கடியில் ஒன்றுமே இல்லை.

இருபது நிமிஷம் கழித்துப் பார்சல்காரர் வெளியே வந்தார். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்தார்.

"நல்ல மனுஷங்கக்கா. பிஸ்கட் எல்லாம் குடுத்தாங்க. உள்ளே பேசினதை வெளியே சொல்லக் கூடாதாம்" என்றவர், அதே மூச்சில், "மறதி வந்தவங்களைக் கூப்பிட்டு வாராவாரம் கேள்வி கேக்குறாங்களாம். தெரிஞ்சுக்க வேண்டியதெல்லாம் தெரிஞ்சாச்சாம். அப்புறமும் எதுக்குப் பாவம் அவங்களைப் போட்டு இழுக்கணும்? விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். சரிதானேக்கா?" என்றார்.

சரிதான். அதுதான் அவளைக் கொன்றது. அண்ணி அதில் இல்லாமல் இருந்திருந்தால் அவளும் வார்த்தை பிசகாமல் அதையே சொல்லியிருப்பாள்.

"சரியாத்தான் சொன்னீங்க தம்பி" என்றாள். அவர் ஏழாம் நம்பர் அறையைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

தலைவர் வந்து சொன்னார். தவளைச் சாரும் வரலாறு மேடமும் நீட்டிக்கலாம் என்றார்களாம். கணக்குச் சாரும் பார்சல்காரரும் வேண்டாம் என்றார்களாம். "ரெண்டுக்கு ரெண்டு, கடைசி ஓட்டு என்னோடது. நானும் வேண்டாம்னுட்டேன். சாதாரண ஆள் சொல்றதுக்குத்தான் எடை அதிகம்னு ஏழு வருஷமா நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு மாத்திச் சொன்னா அது உங்களுக்காகத்தான் இருக்கும்" என்றார். சொல்லும்போது அவர் முகம் நாற்சந்தியில் மாட்டிக்கொண்ட பழைய முகமாகவே இருந்தது. அவரைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

கணக்குச் சார் கிடைத்தார். படியில் இறங்கிக்கொண்டிருந்தவரை வழிமறித்து வெளுத்து வாங்கிவிட்டாள்.

"முப்பத்திரண்டு பேர் போதும்னு எழுதிட்டீங்க. நீங்க எழுதினது தப்புன்னு நான் சொல்லலை சார். ஆனா நாளன்னைக்குப் புதன். எங்க அண்ணி ஒன்பது மணிக்கே பையை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்துடுவாங்க. அவங்களை ஒருத்தர் கேள்வி கேட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கிறது வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தான். அதை எந்தப் பத்தியில போடுவீங்க? எங்க ஸ்கூலுக்குப் பின் தெருதான், நீல கேட். வந்து பாருங்க, உங்க மிச்சக் கணக்கு அங்கே உக்காந்திருக்கும்!"

கண் கலங்கிவிட்டது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கணக்குச் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கல் நெஞ்சம் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

அண்ணனிடம் சொன்னபோது அவர், "சரி, விடும்மா. நீ என்ன பண்ணுவே" என்றார். அதற்குப் பதிலாக அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அண்ணியிடம் இருவருமாக மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். புதன் காலை ஒன்பது மணிக்குத் தலை வாரி, கைப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

பிரேக்கம்மா அன்றைய வகுப்புகளை எல்லாம் தள்ளிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். "வாங்க அண்ணி, கார்ல ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்று கெஞ்சினாள். "அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள் அண்ணி. அதையே மூன்று முறை சொன்னாள். அண்ணன் உள்ளே போய்ச் சமையலறையில் பாத்திரங்களை உருட்டினார்.

சரியாகப் பத்து மணிக்கு நீல கேட்டுக்கு வெளியே கணக்குச் சார் நின்றார். அதே கஞ்சி போட்ட சட்டை. கையில் நான்காக மடித்த தாள்.

"ஆராய்ச்சி இல்லாம சும்மா பேசறதுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை" என்றார். "விதிப் புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன்."

பிரேக்கம்மா கேட்டைத் திறந்துவிட்டாள். அண்ணன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கணக்குச் சார் அண்ணிக்கு எதிரே நேராக உட்கார்ந்து தாளைப் பிரித்தார். பன்னிரண்டு கேள்விகள் எழுதி எண் போட்டிருந்தார். யாரோடும் சும்மா பேசிப் பழகாதவர் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

"நீங்க சின்ன வயசுல இருந்த வீட்ல எத்தனை ஜன்னல்?" என்று கேட்டார்.

கேள்வியைப் பார்! பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வந்து சார், ரோட்டுப் பக்கம் ரெண்டு..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"உங்களைக் கேக்கலை சார்" என்றார் கணக்குச் சார், மரியாதையாகவே.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் ஒரு விரல் மடங்கியது, இன்னொன்று மடங்கியது. பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து மடக்கினாள். தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து, நின்று, சரக்கு இறக்க ஆரம்பித்தது. அண்ணன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார்.

"ஆறு" என்றாள் அண்ணி. "ஒண்ணு திறக்காது. அப்பா பெயின்ட் அடிச்சப்போ ஒட்டிக்கிச்சு. அம்மா திட்டினாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் கணக்குச் சாரை நன்றாகப் பார்த்தாள்.

"உங்க வீட்ல?"

அவர் தாளைப் பார்த்தார். தாளில் அது இல்லை. "மூணு" என்றார்.

"காலைல யாரு திறந்து விடுவாங்க?"

கணக்குச் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். பிரேக்கம்மாவுக்கு ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றிவிட வேண்டும் போலத் துடித்தது. பக்கத்தில் அண்ணனும் எதையோ சொல்ல முன்னால் குனிந்தார். அண்ணி அவர் முழங்கையில் கையை வைத்து அமர்த்தினாள்.

"இருங்க. அவரு சொல்லட்டும்" என்றாள்.

அவசரமே இல்லாமல், கைப்பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.